பெரியம்மை போனது, அம்மைப்பால் போகவில்லை

1999ஆம் ஆண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில், கான்டகாலோ என்ற உள்நாட்டுப் பகுதியின் பால் பண்ணைகளில், கறவை மாடுகளின் காம்புகளில் கொப்புளங்கள் எழுந்தன. கொப்புளம் உடைந்து புண்ணாகிப் பொருக்குத் தட்டியது. காம்பைத் தொட்டாலே மாடு உதைத்தது. பால் குறைந்தது. ஊட்டிய கன்றுகளின் வாயிலும் மூக்கிலும் புண் கண்டது. சில நாட்களில் கறந்தவர்களின் விரல்களிலும் முன்கைகளிலும் கொப்புளம் கிளம்பி, காய்ச்சல் அடித்து, அக்குளில் நெறிகட்டியது. ரியோ டி ஜெனீரோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் கிளாரிஸா டமாஸோவின் குழு அந்தப் பொருக்குகளிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தது. ஐரோப்பாவில் பசு அம்மையை உண்டாக்கும் வைரஸாக அது இருக்க வழியில்லை. அந்த வைரஸுக்குத் தென் அமெரிக்காவில் வாழ்விடம் கிடையாது. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வறிக்கை சொன்ன பெயர் வாக்சினியா. பெரியம்மையை ஒழிக்க உலகம் முழுவதும் மனிதக் கைகளில் குத்தப்பட்ட அம்மைப்பாலில் உயிரோடு இருந்த வைரஸ் அதுதான்.

பிரேசிலில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1971இல் கண்டறியப்பட்டார். இந்தியாவில் 1975. உலகம் விடுபட்டுவிட்டதாக 1980 மே மாதம் உலக சுகாதார சபை அறிவித்தது. அதற்குள் அம்மை குத்துவதும் பெரும்பாலான நாடுகளில் நின்றுபோயிருந்தது. அம்மை குத்துவது நின்றால் வாக்சினியாவுக்கு உலகில் வேறு பிழைப்பு இல்லை, ஆய்வுக்கூடக் குப்பிகளோடு அதன் கதை முடிந்தது என்பதே அன்றைய எண்ணம். கான்டகாலோ அந்த எண்ணத்தைக் கலைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த வைரஸ் எங்கே இருந்தது? இந்தக் கேள்விக்கு ஒரு விலங்கின் பெயரைப் பதிலாக எதிர்பார்ப்பதே நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோகிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். கிடைத்திருக்கும் சான்றுகள் ஒரு வழித்தடத்தைக் காட்டுகின்றன: எலி, தொழுவம், மடி, கறக்கும் கை, மறுபடியும் மடி. அந்தத் தடத்தின் ஒரு முனையை மட்டும் பார்க்கும் எந்தத் துறையும், மனித மருத்துவமாக இருந்தாலும் கால்நடை மருத்துவமாக இருந்தாலும், இந்த வைரஸைப் பாதியில் தவறவிட்டுவிடும். அப்படித் தவறவிடுவதற்கான விலையை இந்தியத் துணைக்கண்டம் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது.

முதலில் வைரஸின் பூர்வீகம். எட்வர்ட் ஜென்னர் 1796இல் பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைச் சிறுவன் ஒருவனின் கையில் குத்திய கதை பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. பாடத்தில் வராதது ஒன்று உண்டு. பசுவுக்கு இந்த அம்மை குதிரையிடமிருந்து, லாயத்தில் வேலை செய்தவர்களின் கை வழியாக வந்தது என்று ஜென்னரே நம்பினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தடுப்பூசிக் குப்பியில் இருப்பது பசு அம்மை என்றே எண்ணினார்கள். 1939இல் ஆலன் டௌனி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, தடுப்பூசி வைரஸும் பசு அம்மை வைரஸும் ஒன்றல்ல என்று காட்டினார். அப்படியானால் குப்பியில் இருந்தது எது? அழிந்துபோனதாகக் கருதப்படும் குதிரை அம்மை வைரஸின் வழித்தோன்றலாக இருக்கலாம் என்று டெரிக் பாக்ஸ்பி வாதிட்டார். 1902இல் பிலடெல்பியாவில் தயாரான ஒரு தடுப்பூசிக் குப்பியின் மரபணு வரிசையை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டபோது, அதன் மையப் பகுதி குதிரை அம்மை வைரஸோடு 99.7 சதவீதம் ஒத்துப்போனது. பாக்ஸ்பியின் ஊகத்துக்கு அதைவிட வலுவான ஆதரவு கிடைப்பது கடினம்.

பிரேசிலுக்கு இந்த வைரஸ் வந்த பாதையும் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. பிரான்சில் போஜான்சி என்ற ஊரில் 1866இல் ஒரு பசுவுக்கு இயற்கையாக அம்மை கண்டது. அதிலிருந்து எடுத்ததைக் கன்றுகளின் தோலில் தொடர்ந்து வளர்த்து, பாரிசிலிருந்து பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். 1887இல் மருத்துவர் பெட்ரோ அபோன்ஸோ பிராங்கோ அதை ரியோவுக்குக் கொண்டுவந்து, அங்கேயும் கன்றுகளில் வளர்க்க ஏற்பாடு செய்தார். பிற்காலத்தில் ஓஸ்வால்டோ குரூஸ் நிறுவனம் தயாரித்த பிரேசிலின் தடுப்பூசி வகை அந்த மரபில் வந்தது. இத்தனை பழைய கதையை இங்கே விரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாக்சினியா என்றுமே மனிதனுக்கு மட்டும் உரிய வைரஸாக இருந்ததில்லை. குதிரை, பசு, கன்று, மனிதக் கை என்று மாறி மாறித்தான் அது இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்தது. ஆய்வுக்கூடத்தில் பிறந்து, தற்செயலாக மாட்டைத் தொற்றிய செயற்கைப் பொருளாக அதைப் பார்த்தால் கான்டகாலோ புதிராகத் தோன்றும். மாட்டுத் தோலில் வளர்ந்து பழகிய வைரஸ் மாட்டுக்கே திரும்பியது என்று பார்த்தால் புதிர் பாதி அவிழ்கிறது.

மீதிப் பாதிக்கு மரபணுச் சான்று வேண்டும். கான்டகாலோ வைரஸில், சிவப்பணுக்களைத் திரளச் செய்யும் புரதத்துக்கான மரபணுவில் 18 எழுத்துகள் இல்லை. உலகின் மற்ற பெயர்பெற்ற தடுப்பூசி வகைகளில் அந்த 18 எழுத்துகளும் இருக்கின்றன. ஓஸ்வால்டோ குரூஸ் நிறுவனத்தின் பழைய தடுப்பூசியில் மட்டும், கான்டகாலோவைப் போலவே, அதே இடத்தில் அதே குறை. ஒரு மரபணுவின் ஒரு சிறு துண்டை வைத்து வம்சாவளி எழுதக்கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. அதனால்தான் 2015இல் அந்தத் தடுப்பூசி வகையின் முழு மரபணு வரிசையும் வெளியானபோது அது முக்கியமாயிற்று. ஒப்பிட்டுப் பார்த்ததில் பண்ணை வைரஸும் பழைய தடுப்பூசியும் வாக்சினியா குடும்பத்தின் ஒரே கிளையில் அமர்ந்தன. அதே சமயம் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு மாநிலங்களில் மாடுகளிலிருந்து எடுத்த வைரஸ்களுக்கிடையே சிறு சிறு வேறுபாடுகள் சேர்ந்துகொண்டே போயிருந்தன. குப்பியிலிருந்து நேற்றுத் தப்பி வந்த வைரஸில் அப்படிப்பட்ட வேறுபாடுகள் இருக்காது. வெளியே பல ஆண்டுகள் தானாகப் பெருகி வந்திருந்தால்தான் இருக்கும்.

இந்த முடிவை ஏற்காதவர்களும் உண்டு. அவர்கள் கையில் ஒரு நல்ல சான்றும் உண்டு. பிரேசிலில் கண்டெடுத்த வாக்சினியா வைரஸ்கள் எல்லாம் ஒரே வகையல்ல. கான்டகாலோவும் 1999இல் சாவோ பாவ்லோ மாநிலத்தில் கிடைத்த அரசாதுபாவும் ஒரு குழு. அந்த 18 எழுத்துக் குறை இல்லாத, ஆய்வுக்கூட எலிகளைக் கடுமையாகத் தாக்கும் வைரஸ்கள் இன்னொரு குழு. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் 2001இல் ஒரே நோய்ப்பரவலின்போது இரண்டு குழு வைரஸ்களும் கிடைத்தன. இரண்டாவது குழுவுக்குப் பிரேசிலின் தடுப்பூசிக் குப்பிகளில் பொருத்தமான மூதாதை இல்லை. ஆகவே வாக்சினியா தென் அமெரிக்காவின் காடுகளிலோ பண்ணைகளிலோ தடுப்பூசிக்கு முன்பே இருந்திருக்கலாம், அல்லது ஐரோப்பியக் குதிரைகளோடும் மாடுகளோடும் கப்பலேறி வந்திருக்கலாம் என்கிறார்கள். இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. முதல் குழு தடுப்பூசியின் வாரிசு என்பதை அது அசைக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் தடுப்பூசியின் மேல் போட்டுவிட்டு வேறு மூலங்களைத் தேடாமல் இருப்பதை அது தடுக்கிறது. குதிரையைத் தேடவேண்டிய காரணமும் கூடுகிறது. 2008இல் நாட்டின் தெற்கில் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் குதிரைகளுக்கு அம்மை கண்டபோது இரண்டு குழு வைரஸ்களும் சேர்ந்தே கிடைத்தன.

அம்மை குத்திய மனிதக் கையிலிருந்து மாட்டுக்கு வைரஸ் போகுமா என்பதில் ஐயமே தேவையில்லை. குத்திய இடத்தில் எழும் கொப்புளத்தில் உயிருள்ள வைரஸ் நிறைந்திருக்கும். அதைச் சொறிந்த கை காம்பைப் பிடித்தால் போதும். 1960களில் எல் சல்வடோரில் இப்படி மனிதரிடமிருந்து கறவை மாடுகளுக்கும், அங்கிருந்து மற்றவர்களுக்கும் வாக்சினியா பரவியது பதிவாகியிருக்கிறது. தடுப்பூசி இயக்கம் முழு வேகத்தில் நடந்த காலத்தில் ஐரோப்பாவிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. ஆனால் அவை சில வாரங்களில் அடங்கிவிட்டதாகவே எண்ணப்பட்டது. பிரேசிலில் ஏன் அடங்கவில்லை என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் தேடினால் காட்டுக்குள் போகவேண்டியிருக்கிறது.

1960களில் கொசுவால் பரவும் நோய்களைத் தேடிய பிரேசில் ஆய்வாளர்கள், காட்டில் கூண்டெலிகளை வைத்தும், காட்டு விலங்குகளைப் பிடித்தும் ரத்தத்தைச் சோதித்தார்கள். 1963இல் அமேசான் முகத்துவார நகரமான பெலேமுக்கு அருகே ஒரு காட்டெலியின் ரத்தத்தில் அம்மை வகை வைரஸ் ஒன்று கிடைத்தது. தேடியது வேறு என்பதால் அது ஒரு குறியீட்டு எண்ணோடு உறைபெட்டிக்குள் போனது. பல பத்தாண்டுகள் கழித்து மரபணு ஆய்வு செய்தபோது அது வாக்சினியா என்று தெரிந்தது. தடுப்பூசி ஆய்வும் நடந்த காலம் என்பதால் ஆய்வுக்கூடக் கலப்படம் என்று இதைக் கழித்துவிடலாம் என்கிறார்கள் சிலர். இந்த ஒரு மாதிரியை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த ஐயம் சரியே. ஆனால் பின்னால் வந்த சான்றுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மினாஸ் ஜெராய்ஸில் மாட்டம்மை பரவிய ஒரு பண்ணையில் பிடித்த வீட்டு எலியிடமிருந்தே வாக்சினியா பிரித்தெடுக்கப்பட்டது. டோகன்டின்ஸ் மாநிலத்தில் நீர்மின் அணைக்காகக் காடு மூழ்கும்போது மீட்கப்பட்ட கபுசின் குரங்குகளிலும் ஊளைக் குரங்குகளிலும் இந்த வகை வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள்கள் காணப்பட்டன. சிலவற்றில் வைரஸின் மரபணுவும் கிடைத்தது. நீர்நிலைக் கரைகளில் மாடுகளோடு மேயும் கேபிபாராக்களிலும் எதிர்ப்புப் பொருள்கள் உண்டு. கேபிபாரா உலகின் மிகப் பெரிய கொறிவிலங்கு. மாட்டின் மேய்ச்சல் நிலத்துக்கும் காட்டுக்கும் நடுவே அதற்கு வேலி கிடையாது.

இங்கேதான் மிகக் கூர்மையான மறுப்பு வருகிறது. எதிர்ப்புப் பொருள் இருப்பது தொற்று வந்ததற்கு அடையாளமே தவிர, அந்த விலங்கு வைரஸைப் பேணி வளர்க்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகாது. குரங்குக்கும் கேபிபாராவுக்கும் மாட்டிடமிருந்து தொற்றியிருக்கலாம். ஒரு பண்ணைக்குள் நோய் பரவக் கறப்பவரின் கையே போதும். ஒரே ஆள் கழுவாத கையோடு மாட்டுக்கு மாடு போகிறார். பண்ணை விட்டுப் பண்ணை பரவக் கறவை மாடு வாங்கி விற்பதே போதும். ரியோவில் தொடங்கிய கான்டகாலோ வகை, அமேசான் ஓரத்தில் உள்ள ரொண்டோனியாவரை போனதைக் காட்டெலி நடந்துபோய்ச் செய்திருக்க முடியாது. மாடு ஏற்றும் வண்டியும் மாட்டு வணிகமும் செய்திருக்கும். இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். பரவலுக்கு எலி தேவையில்லைதான். ஆனால் இரண்டு நோய்ப்பரவல்களுக்கு இடையே உள்ள மௌனத்துக்கு என்ன விளக்கம்? மாட்டின் புண் மூன்று, நான்கு வாரங்களில் ஆறிவிடுகிறது. ஒரு சிறு பண்ணையில் எல்லா மாடுகளுக்கும் வந்து ஆறியபின் வைரஸுக்குப் போக்கிடம் இல்லை. அப்படி இருந்தும் அதே வட்டாரத்தில் சில ஆண்டுகள் கழித்து அது மறுபடி தலைகாட்டுகிறது. தொற்றிய எலியின் எச்சத்தில் வாக்சினியா இருபது நாட்கள்வரை உயிரோடு இருக்கும் என்று பிரேசில் ஆய்வாளர்கள் சோதனையில் கண்டார்கள். தொற்றிய மாட்டின் சாணத்திலும் வைரஸ் வெளியேறுகிறது. அப்படிப்பட்ட சாணத்தோடு வைக்கப்பட்ட எலிகளுக்கு நோய் தொற்றியதும் சோதனையில் தெரியவந்தது. தீவன மூட்டையிலும் தொழுவத்து வைக்கோலிலும் குடியிருக்கும் எலிக்கும், அங்கேயே படுத்தெழும் மாட்டுக்கும் இடையே இரு திசையிலும் வழி திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வைரஸின் ‘வீடு’ எலியா, மாடா என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும். தடமாகப் பார்த்தால் இரண்டும் தத்தம் இடத்தில் பொருந்திவிடுகின்றன: வேகமாகப் பரப்புவது கையும் வணிகமும், இடைவெளியைத் தாண்டவைப்பது தொழுவமும் எலியும்.

ஐரோப்பாவின் அனுபவம் இந்த வாசிப்புக்குத் துணை நிற்கிறது. அங்கே பசு அம்மை என்று பெயர் பெற்ற வைரஸ் பசுவில் காண்பது அபூர்வம். வயல்களிலும் புதர்களிலும் வாழும் சிறு கொறிவிலங்குகளில் அது நிரந்தரமாகச் சுற்றுகிறது. எலியைப் பிடிக்கும் பூனைக்குத் தொற்றி, பூனையைக் கொஞ்சும் மனிதருக்கு வருகிறது. 2008, 2009இல் ஜெர்மனியிலும் பிரான்சிலும் செல்லப் பிராணிகளாக விற்ற எலிகளிடமிருந்தே மனிதருக்கு நேரடியாகத் தொற்றியது. மாட்டின் பெயரை வைத்து மாட்டிலேயே தேடிக்கொண்டிருந்தால் அந்த வைரஸைப் பிடித்திருக்கவே முடியாது.

இனி நம் பக்கம். எருமை அம்மை முதன்முதலில் அறிவியல் பதிவுக்கு வந்தது 1934இல், அன்றைய இந்தியாவின் லாகூரில். எருமையின் காம்பிலும் மடியிலும் கொப்புளம், கறப்பவரின் கையில் கொப்புளம், பால் இழப்பு என்று கான்டகாலோவின் அதே படம் இங்கே அறுபத்தைந்து ஆண்டுகள் முந்தியே இருந்தது. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், ஆந்திரம், குஜராத், மகாராஷ்டிரம் என்று பல மாநிலங்களில் அது தலைகாட்டியிருக்கிறது. பெரியம்மை ஒழிந்து பத்தாண்டு கழித்து, 1985 முதல் 1987வரை மகாராஷ்டிரத்தில் பெரிய அளவில் பரவியபோது கிடைத்த மாதிரிகளை அம்மை வைரஸ் ஆய்வில் பெயர்பெற்ற கீத் டம்பெல் ஆராய்ந்தார். எருமை அம்மை வைரஸ் வாக்சினியாவின் மிக நெருங்கிய உறவு என்பது அப்போதே உறுதியானது. இன்று வகைப்பாட்டில் அது வாக்சினியாவின் ஒரு கிளையாகவே வைக்கப்படுகிறது. 2009இல் சோலாப்பூர், கோலாப்பூர் மாவட்டக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு அது தொற்றியது.

இதையும் தடுப்பூசியையும் இணைத்துப் பார்க்க வலுவான காரணம் இருக்கிறது. இந்தியாவில் அம்மைப்பால் பசுக் கன்றில் மட்டும் தயாராகவில்லை. எருமைக் கன்றுகளின் தோலிலும் பெருமளவு தயாரானது. சென்னை கிண்டியில் 1899இல் தொடங்கப்பட்ட கிங் நிறுவனம் முதலில் இதற்காகவே உருவானது. மாகாணம் முழுவதற்கும் அம்மைப்பால் அங்கிருந்துதான் போயிற்று. கன்றின் தோலைக் கீறி வைரஸைத் தடவி, சில நாட்களில் எழும் கொப்புளப் பொருளைச் சுரண்டி எடுத்துத் தூய்மைப்படுத்தி அனுப்புவார்கள். மாட்டுத் தோலில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வைரஸ், கிராமந்தோறும் கோடிக்கணக்கான கைகளில் கொப்புளமாக எழுந்தது. அந்தக் கைகளில் பல, எருமை கறக்கும் கைகள். எருமை அம்மை அப்படித்தான் தொடங்கியது என்று இதை வைத்து அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். பிரேசிலில் 18 எழுத்துக் குறை செய்த வேலையை இங்கே செய்யக்கூடிய ஒப்பீடு வேண்டுமென்றால் பழைய இந்திய அம்மைப்பால் மாதிரிகள் வேண்டும். அவற்றோடு பல மாநில எருமை வைரஸ்களின் முழு மரபணு வரிசையும் வேண்டும். பிரேசில் தன் பழைய குப்பியை எடுத்துப் படித்ததால்தான் தன் பண்ணை வைரஸின் தகப்பனைக் கண்டுகொண்டது. நம் அம்மைப்பாலும் அதே கவனத்துக்கு உரியது.

‘இது தானே ஆறிவிடும் நோய், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்ற கேள்வி மருத்துவர்களிடமிருந்தே வரும். பெரும்பாலானோருக்கு ஆறிவிடும் என்பது சரி. கறவைத் தொழிலாளிக்குக் கையில்தான் பிழைப்பு; வீங்கி வலிக்கும் விரலோடு மூன்று வாரம் கறக்க முடியாமல் போவது அவர் குடும்பத்துக்குச் சின்ன இழப்பல்ல என்பதை முதலில் சொல்லவேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, தோல் காப்பு இல்லாதவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும். 2004, 2005இல் கராச்சியின் மருத்துவமனைகளில் தீக்காயப் பிரிவுகளில் இருந்த நோயாளிகளின் உடலில் புதிய கொப்புளங்கள் தோன்றின. சோதித்தபோது எருமை அம்மை வைரஸ். தீப்பட்ட உடனே முதலுதவியாக எருமைக் கொழுப்பைத் தடவும் வழக்கத்தால் வைரஸ் உள்ளே வந்திருக்கலாம் என்றும், நோயாளிகள் ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டதால் பரவியது என்றும் ஆய்வாளர்கள் கருதினார்கள். தொழுவத்தில் யாரும் பெரிதுபடுத்தாத நோய், மேல்தோல் முழுவதும் இழந்து படுத்திருந்தவர்களைத் தேடி நகரத்து மருத்துவமனைக்குள் போனது. வார்டில் முதல் கொப்புளத்தைப் பார்த்த மருத்துவருக்கு எருமையின் நினைவு வரக் காரணமே இருந்திருக்காது. மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் தனித்தனிக் கட்டடங்களில் இயங்குவதன் விலை அதுதான்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. 1970களின் இறுதிக்குப் பின் பிறந்தவர்களின் தோளில் அம்மை குத்திய தழும்பு இல்லை. பெரியம்மை, வாக்சினியா, குரங்கம்மை, ஒட்டக அம்மை எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்குக் கிடைத்த எதிர்ப்பாற்றல் மற்றவற்றிலிருந்தும் ஓரளவு காக்கும். அந்தக் காப்பு ஆண்டுதோறும் மக்களிடையே குறைந்துகொண்டே போகிறது. காங்கோவில் குரங்கம்மை நோயாளிகள், தடுப்பூசி நின்றபின் பல மடங்கு பெருகியதும், 2022இல் அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியதும் நம் கண்முன் நடந்தவை. 2009இல் ராஜஸ்தானில் ஒட்டகம் வளர்ப்பவர்களின் கைகளில் ஒட்டக அம்மை உறுதியானது. மனிதரை விட்டு விலகியே இருந்ததாக எண்ணப்பட்ட வைரஸ்கள் மனிதக் கையைத் தொட்டுப் பார்க்கின்றன. 2022இல் நம் மாடுகளைக் கொன்ற தோல் கழலை நோய் இதே பெருங்குடும்பத்தின் வேறொரு கிளை. அது மனிதருக்குத் தொற்றாது. ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்ததால் நாடே அதைத் திரும்பிப் பார்த்தது. எருமை அம்மையில் மாடு சாவதில்லை. மனிதருக்கு ஒட்டும் நோய் கவனிப்பாரற்றுக் கிடக்க அதுவே காரணமாகிவிடுகிறது.

இந்தக் கதையைச் சொல்வது தடுப்பூசி எதிர்ப்பாளர்களுக்குத் தீனி போடுவதாகும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்தை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் 30 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் ஒரு நோயை வாக்சினியா உலகத்தைவிட்டே துரத்தியது. முகமெல்லாம் தழும்போடும் பார்வை இழந்தும் வாழ்ந்தவர்கள் இல்லாத ஊரே அன்று இல்லை. அதற்கு ஈடாக, ஆறிவிடும் ஒரு கைக் கொப்புளம் சில நாட்டுப் பண்ணைகளில் தங்கிவிட்டது என்றால், அந்தப் பேரத்தை ஆயிரம் முறை மறுபடியும் செய்யலாம். நடந்ததை மறைத்தால்தான் நம்பிக்கை கெடும். இன்று குரங்கம்மைக்கு எதிராகப் பயன்படும் முக்கியத் தடுப்பூசியில் இருப்பதும் வாக்சினியாவே. கோழிக்கரு உயிரணுக்களில் ஐந்நூறு தடவைக்கு மேல் வளர்த்ததால், மனித உயிரணுவில் பெருக முடியாமல் போன வாக்சினியா அது. அதைக் குத்திக்கொண்டவரின் கையிலிருந்து எந்த மாட்டுக்கும் எதுவும் போகாது. பழைய அம்மைப்பாலின் குறையைத் திறந்து பேசிய அறிவியல்தான் அந்தப் புதிய தடுப்பூசியையும் தந்தது.

பிரேசில் இதை இவ்வளவு தூரம் துப்புத்துலக்க முடிந்ததற்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. மாட்டிறைச்சி ஏற்றுமதியை நம்பிய நாடு அது. காம்பிலோ வாயிலோ கொப்புளம் என்றால் முதலில் கோமாரியா என்று பார்த்தாகவேண்டும். கோமாரி இல்லை என்று உறுதியானால், பின்னே இது என்ன என்ற கேள்வி தானாக எழும். நம்மிடம் அந்த இரண்டாவது கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. காம்புப் புண்ணுக்குக் களிம்பு கொடுத்து அனுப்புகிறோம். கைக் கொப்புளத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுக்கிறோம். பொருக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால், எருமை அம்மையா, பார்த்தவுடன் பிரித்தறிய முடியாத வேறு காம்பு நோய்களா என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடும். செலவும் அதிகமில்லை. ‘எலிக்கெல்லாம் பொறி வைத்து ரத்தம் எடுக்கவா நம்மிடம் ஆள் இருக்கிறது?’ என்பார்கள். எல்லா ஊரிலும் எல்லா எலியையும் பிடிக்க யாரும் கேட்கவில்லை. நோய் கண்ட தொழுவத்தில், நோய் கண்ட வாரத்தில் சில பொறிகள் போதும். தேவை ஆளைவிட ஒருங்கிணைப்பு.

அதற்குள் தொழுவத்தில் செய்யக்கூடியவை எளியவை. புண் உள்ள மாட்டைக் கடைசியில் கறக்கவேண்டும். ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் நடுவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் அந்த மாட்டை விட்டு விலகியிருக்கவேண்டும். புண் ஆறும்வரை மாட்டைச் சந்தைக்கு ஓட்டக்கூடாது. தீவனத்தை எலி அண்டாதபடி மூடிவைக்கவேண்டும். பாலைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். நோய் கண்ட மாட்டின் பாலிலும் வைரஸ் இருப்பதை பிரேசிலில் கண்டிருக்கிறார்கள், கொதித்தால் அது அழிந்துவிடும். இவற்றில் பாதியை நம் கறவையாளர்கள் சொல்லாமலே செய்கிறார்கள். அரசிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று. எருமையின் காம்பிலும் கறப்பவரின் கையிலும் கொப்புளம் கண்டதாகத் தகவல் வந்தால், கால்நடை மருத்துவரும் சுகாதார ஆய்வாளரும் ஒரே நாளில் அந்தத் தொழுவத்துக்குப் போகவேண்டும். மாட்டின் பொருக்கு, மனிதக் கையின் பொருக்கு, அங்கே பிடிபட்ட எலியின் ரத்தம் மூன்றையும் ஒரே பெட்டியில், ஒரே எண்ணில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும்.